ஈரலில் ஒரு சிவப்புக் கோடு

மீன் அங்காடியில் ஒரு வஞ்சிரத்தைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்ன பாவத்துக்கு, நடுக்கடையில் என்னை நிறுத்திக் கேள்வி கேட்டவர் டாக்டரம்மா. நல்லா இருக்கு என்றால் என்ன, கண் எந்த நிறம், செவுள் எந்த நிறம், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறதா, மேலே வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மீன் வாங்க வந்தியா பரீட்சை எழுத வந்தியா என்று ஏசினாள். ஏசியது என்னை, அவரை அல்ல. கடைசியில் அந்த மீனை வாங்கவும் இல்லை. இரண்டு பேரும் வெறும் பையோடு ஆபீசுக்குத் திரும்பினோம். வழியெல்லாம் எனக்கு எரிச்சல். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை.

நான் அப்போது புதுச்சேரியில், கால்நடை நோய்களைக் கண்டறிகிற ஒரு சின்ன அரசாங்கக் கூடத்தில் டைப்பிஸ்ட். ஆடு, மாடு, கோழி எது செத்தாலும் அதன் உறுப்பில் ஒரு துண்டு ஃபார்மலின் ஊற்றிய பாட்டிலில் எங்களிடம் வரும். டாக்டரம்மா அதை வெட்டிப் பார்ப்பார், மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார், சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். எங்களுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஆனால் அதற்குப் பூப்போட்ட துணி போர்த்திப் பொட்டு வைத்து மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் பழைய மெஷினில்தான் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்தாறு, அவருக்கு நாற்பது.

அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அண்ணன் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். இவரும் போயிருக்கலாம், காகிதமெல்லாம் இருந்தது. இங்கே செத்த மாட்டின் ஈரலை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயில் எஞ்சியிருந்த பிரெஞ்சு ஒரே ஒரு சொல்தான்: அலோர். நாம் "அப்புறம்?" என்று இழுப்போமே, அதுதான். நீங்கள் எதையாவது முடிவாகச் சொல்லிவிட்டு மூச்சு விட்டால், "அலோர், என்ன பார்த்தே?" என்று ஆரம்பிப்பார்.

அவரிடம் வேலை செய்ய முதலில் மனப்பாடம் ஆக வேண்டியது சில கேள்விகள். எங்கே, எத்தனை, எவ்வளவு பெரிது, என்ன நிறம், தொட்டால் எப்படி, வெட்டினால் உள்ளே எப்படி. இவ்வளவும் எழுதிய பிறகுதான் நோயின் பெயர். காரணம் அதற்கும் பிறகு. காரணம் தெரியாவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும், ஒரு புள்ளிகூட வைக்க விடமாட்டார். லீஷன் என்ற சொல்லை அவர் சும்மா செலவழித்து நான் பார்த்ததில்லை. உயிரோடு இருந்தபோது உடம்பில் உண்டான மாற்றம்தான் லீஷன். செத்த பிறகு வந்த நிறத்தையோ வீக்கத்தையோ யாராவது அந்தப் பெயரால் சொல்லிவிட்டால் அந்தக் காகிதத்தையே கையில் வாங்கமாட்டார்.

இந்தக் குணம் ஆபீசோடு நிற்காது, அதுதான் தொல்லை. என் தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நல்ல குடும்பம் மேடம் என்றேன். அலோர், என்ன பார்த்தே? காபி கொடுத்தார்களா, யார் கொண்டுவந்தார்கள், குடித்த டம்ளரை யார் எடுத்தார்கள் என்று கேட்டார். யோசித்தேன். காபி கொண்டுவந்தது பையனின் அம்மா. ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு மருமகள் உண்டு. நாங்கள் இருந்த இரண்டு மணி நேரமும் அவள் சமையலறையை விட்டு வரவேயில்லை; வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அதோடு மைக்ராஸ்கோப்புக்குத் திரும்பிவிட்டார். நான்தான் வீட்டுக்குப் போய்ப் பேச்சை நிறுத்தினேன். அதற்காக இன்றைக்கும் அவரைக் கும்பிடுகிறேன்.

ஒருநாள் நெக்ரோசிஸ் என்று வரவேண்டிய இடத்தில் ஆட்டோலிசிஸ் என்று அடித்துவிட்டேன். இரண்டும் செத்துப்போவதுதானே மேடம், எதைப் போட்டால் என்ன என்று கேட்டு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உள்ளே கூட்டிப்போய் வெள்ளைத் தட்டில் இரண்டு ஈரல் துண்டுகளை வைத்தார். ஒன்று முழுக்கக் கொழகொழவென்று, பச்சையும் கறுப்புமாகக் கலைந்து கிடந்தது. இன்னொன்று நல்ல ஈரல்தான், நடுவில் மட்டும் வெளுத்துப்போன ஒரு வட்டம்.

"இது மாடு செத்தப்புறம் தானா கரைஞ்சது. ஆட்டோலிசிஸ். எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு தெரியாது. அந்த இன்னொண்ணு, மாடு உயிரோட இருக்கறப்பவே ஒரு துண்டு மட்டும் செத்துப்போனது. அதுதான் நெக்ரோசிஸ். சுத்தி செவப்பா ஒரு கோடு ஓடுது, தெரியுதா? பக்கத்துல இருக்கற சதை அந்தச் செத்த துண்டோட சண்டை போடுது. உயிருள்ள உடம்புதான் அந்தக் கோட்டப் போடும். செத்த உடம்புக்குக் கோவம் வராது."

கண்ணால் பார்க்காத ஒன்றை, கோபம் என்ற ஒன்றை, அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மெஷினில் வேறு காகிதம் சொருகி முதலிலிருந்து அடித்தேன்.

இனி அந்தப் பசுவின் கதைக்கு வருகிறேன். இத்தனை வருடம் ஆகியும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் சூடேறிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூடிக்கிடந்த ஒரு மில்லுக்குப் பின்னால் எங்கள் தெரு. என் வீட்டுக்கு அடுத்த வீடு அஞ்சலையக்கா. அவள் வீட்டுக்காரர் மில் மூடிய பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குக் காவல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அக்கா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு ஆக்குகிறவள். ஏழு வருடமாக அந்த அடுப்பு அவள் பொறுப்பு. எதிர்சாரியில் இரண்டு மாடி வீட்டுக்காரர் மூன்று மாடுகள் வைத்திருந்தார். ஏரியாவில் பெரிய மனிதர், எந்த ஆபீசுக்குப் போனாலும் எழுந்து நின்று நாற்காலி போடுவார்கள். அவருடைய மாடுகள் தெருவில்தான் மேயும். எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கழனிப் பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் அதில் விழும். மாடு யாருடையதாக இருந்தாலும் வந்து குடித்துவிட்டுப் போகும். யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்த வீட்டுச் செவலைப் பசு முதலில் வந்து நிற்பது அஞ்சலையக்கா வாசலில்தான், அவள் கஞ்சியைத் தாராளமாக விடுவாள்.

ஒருநாள் அந்தப் பசு, அக்கா மாடியேறி இறங்கிப் பாடுபட்டுக் காயவைத்து, இறக்கி வாசலில் வைத்த கூழ் வடகத்தை மொத்தமாகத் தின்றுவிட்டது. அக்காவுக்கு ஆத்திரம். இந்த மாடு செத்துத் தொலையாதா என்று தெருவில் நின்று கத்தினாள். தெரு முழுக்கக் கேட்டது. யார்தான் கத்தமாட்டார்கள்? நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் மாட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பேன். அன்று சாயங்காலமே பானையில் கஞ்சி ஊற்றி வைத்தாள். அதை யாரும் பார்த்ததாகப் பிற்பாடு சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பசு, அக்கா வீட்டு வாசலிலிருந்து நாலடி தள்ளி விழுந்து செத்தது.

விஷம் வைத்துவிட்டாள் என்று மாட்டுக்காரர் போலீசுக்குப் போனார். பிரேதப் பரிசோதனைக்கு எங்கள் மேலதிகாரியே நேரில் வந்தார், மாட்டுக்காரர் போன் செய்தாராம். மனிதர் இருபது வருடமாகக் கோப்பைத் தவிர வேறு எதையும் திறந்ததில்லை. பங்குனி வெயிலில் ஒரு நாள் முழுக்கக் கிடந்து உப்பிய மாடு. மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு தள்ளி நின்றபடி, கறிக்கடை ஆளை விட்டு வயிற்றை மட்டும் கிழிக்கச் சொன்னார். ஈரல் பச்சையும் கறுப்புமாக இருந்தது. குடல் நீலம் பாரித்திருந்தது. போதும் என்று சொல்லிவிட்டார். நெஞ்சைத் திறக்கவேயில்லை. "விஷத்தால் இறந்திருக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போனார். அரியாங்குப்பத்தில் மாட்டுக்காரருக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு, மாட்டை அங்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

இருக்கலாம். அந்த ஒரு சொல் அஞ்சலையக்காவை இரண்டு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தது. காலையில் போகவேண்டும், சாயங்காலம் அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்தில் அதைவிட மோசம். மாட்டுக்கு விஷம் வைத்தவள் கையால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடுவதா என்று நாலு பேர் வந்து நின்றார்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேர் எங்கள் தெரு, அவளிடம் அவசரத்துக்குச் சர்க்கரை வாங்குகிறவர்கள். விவகாரம் தீரும்வரை வரவேண்டாம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அவள் ஏழு வருடம் பிடித்த கரண்டியை அன்றைக்கே வேறொருத்தி கையில் கொடுத்தார்கள்.

மேலதிகாரி அனுப்பிய ஈரல் துண்டும் குடல் துண்டும் பாட்டிலில் எங்கள் கூடத்துக்கு வந்தன. உறுதி செய்து அனுப்பவும் என்று ஒரு சீட்டு. கூடவே, இறுதிக் கருத்து வேண்டும் என்று போலீசின் கடிதம். அக்கா என் பக்கத்து வீட்டுக்காரி என்பதை டாக்டரம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். அரைமணி நேரம் பார்த்தார். பிறகு சொல்லச் சொல்ல அடித்தேன். ஈரல் முழுவதும் ஒரே சீராக மென்மை, பசுங்கறுப்பு நிறம், எல்லைகள் இல்லை, லீஷன் காணப்படவில்லை, ஆட்டோலிசிஸ். குடலும் அப்படியே.

எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் விஷம் இல்லை என்று ஒரு வரி போடுங்கள் மேடம் என்றேன். மாட்டேன் என்றார். அழுகியது என்றுதான் இந்த ஈரல் சொல்கிறது, விஷம் இல்லை என்று அது சொல்லவில்லை என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினை விட்டு எழுந்துவிட்டேன். பார்க்காமலே அந்தப் பெரிய மனிதர் ஒரு வரி எழுதலாம், பார்த்த நீங்கள் எழுதக்கூடாதா என்று கேட்டேன். அதனால்தான் எழுதக்கூடாது என்றார். என்ன பதில் இது? ஒரு பொம்பளை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிய நேரத்தில், "அலோர், அந்தப் பசுவ நீ கடைசியா எப்பப் பார்த்தே?" என்று கேட்டார்.

தினமும்தான் பார்த்தேன் என்றேன். எப்படி இருந்தது? சோர்வாக இருந்தது. சோர்வு என்பது நீ நினைத்தது, பார்த்தது என்ன? கடுப்போடுதான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். பானையில் வாய் வைக்கும், பாதியில் எடுத்துவிடும். நிற்கும்போது? முன்னங்கால் முட்டி இரண்டையும் வெளியே தள்ளி அகட்டி நிற்கும். அவர் பேனாவை எடுத்தார். நடக்கும்போது? எங்கள் தெருக்கோடியில் வாய்க்காலுக்கு இறங்குகிற சரிவு உண்டு, அதில் இறங்காமல் நின்றுகொண்டே இருக்கும், பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். கழுத்துக்குக் கீழே? முன்னங்கால்களுக்கு நடுவில் பை மாதிரி தொங்கியது, அமுக்கினால் குழி விழுமோ என்று தோன்றும். எத்தனை நாளாக? வடகம் தின்பதற்கு முன்பிருந்தே. பால் வற்றிய மாடு, அதனால் அந்த வீட்டில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். நெஞ்சைப் பார்க்காமல் இறுதிக் கருத்துக் கிடையாது என்று போலீசுக்கு ஒரு கடிதம் சொன்னார், அடித்தேன். மேலதிகாரிக்கு நகல் போடவா என்று கேட்டேன். நாளைக்குப் போடலாம் என்றார். மேலதிகாரி குறுக்கே வருமுன் கடிதம் போலீசுக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான். எனக்குத் தெரிந்து அவர் செய்த ஒரே தந்திரம் அதுதான்.

மாட்டைப் புதைத்த ஐந்தாம் நாள், தோண்டிப் பார்க்கப் போலீஸ் சம்மதித்ததும், அரியாங்குப்பத்துக்குப் போனோம். அவர் மொபெட்டில் பின்னால் நான், என் மடியில் கத்திப்பெட்டியும் நோட்டும். ஒரு கான்ஸ்டபிள் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். ஆற்றுப் பாலத்துக் காற்றை மூச்சு முட்ட வாங்கி வைத்துக்கொண்டேன், அதற்குப் பிறகு எனக்கு நல்ல மூச்சு கிடைக்கவில்லை. குழியைத் தோண்டியதும் தோண்டின ஆளே ஓடிப்போய்த் தென்னை மரத்தடியில் நின்றுகொண்டான். நான் இரண்டு தடவை வாந்தியெடுத்தேன். டாக்டரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கை வரை உறை மாட்டி, குழிக்குள் இறங்கினார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. மீன் அங்காடியில் கேட்ட அதே குரல். இடம், நிறம், அளவு. நான் மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு எழுதினேன்.

மாட்டுக்காரரும் வந்திருந்தார். தோப்பு அவருடையது, வராமல் இருப்பாரா? மேட்டில் நின்றபடி, அழுகிப்போனதில் என்னத்தைப் பார்ப்பது, எல்லாம் அழுகல்தான் என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேன்கூடு மாதிரி வலை போட்ட வயிறு ஒன்று மாட்டுக்கு உண்டு, நெஞ்சுக்குப் பக்கத்தில். அதிலிருந்து ஒரு கம்பியை உருவி எடுத்து மேலே நீட்டினார் டாக்டரம்மா. கட்டடக்காரர்கள் முறுக்குகிற கட்டுக்கம்பி, என் நடுவிரல் நீளம். பிறகு வெண்மையாக, தடித்த தோல் மாதிரி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். இதயத்தைச் சுற்றியிருக்கிற உறையாம். மெல்லிசாக இருக்கவேண்டியது விரல் கனத்துக்கு இருந்தது. கம்பி போன வழி நெடுகக் கட்டியாக ஒரு சுவர். மற்ற எல்லாம் கரைந்து ஓடும்போது அது மட்டும் கத்திக்கு மசியவில்லை.

"அழுகல்தானேம்மா அதுவும்" என்றார் மாட்டுக்காரர்.

குழிக்குள்ளிருந்து அவரை நிமிர்ந்து பார்த்தார். "அழுகினா கரையுங்க. இது கட்டியிருக்கு. கட்டறதுக்கு உயிரு வேணும். உங்க மாடு கம்பிய முழுங்கிட்டு ரொம்ப நாள் உயிரோட சண்டை போட்டிருக்கு. உங்க வூட்டுல யாரும் பாக்கல."

கான்ஸ்டபிள் எழுதுவதை நிறுத்திவிட்டு மாட்டுக்காரரைப் பார்த்தார். மனிதர் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மெஷினில் நான் அடித்த வேகத்தில் வாழ்நாளில் வேறெப்போதும் அடித்ததில்லை. ரிப்போர்ட்டின் கடைசியில், நானாகவே, "எனவே யாரும் விஷம் வைக்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிக்கிறவர் என்று தெரிந்தும் சேர்த்தேன். அந்த வரிக்கு வந்ததும் பேனாவால் அடித்தார். கோபப்படக்கூட இல்லை. மாடு எதனால் செத்தது என்று மாட்டின் உடம்பில் தெரியும், யார் என்ன வைத்தார்கள் வைக்கவில்லை என்பது மாட்டின் உடம்பில் எழுதியிருக்காது என்றார்.

ரிப்போர்ட் போனதும் போலீஸ் கேஸை மூடிவிட்டது. ஆனால் ஹெட்மாஸ்டருக்கு நான் சேர்த்த அந்த வரிதான் வேண்டியிருந்தது. மாடு கம்பியால் செத்திருக்கட்டும், இந்தம்மா விஷம் வைக்கவில்லை என்று இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டு அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார். அக்கா ரிப்போர்ட்டை மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டு எங்கள் கூடத்து வாசலில் வந்து உட்கார்ந்தாள். எழுத்து தெரியாதவள். "அந்த ஒரு வரிய எழுதிக் குடுக்கச் சொல்லேன், இன்னா போயிடும் அவங்களுக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

உள்ளே போனேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவருக்கு ஈரலைத் தெரியும், மனுஷியைத் தெரியாது என்றேன். அண்ணனோடு பிரான்சுக்கே போயிருக்கலாம், அங்கே மாடுகள்தான் மனிதர்களைவிட அதிகம் என்றேன். இன்று நினைத்தால் கூசுகிறது. ஆனால் அன்றைக்குச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மனசாரச் சொன்னது. அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

மறுநாள் காலை ஆபீசுக்குள் நுழையாமலே மொபெட்டை வாசலில் நிறுத்தி, வா என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஹெட்மாஸ்டர் நாற்காலி போட்டார், அவர் உட்காரவில்லை. மேசையிலிருந்த வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து ஹெட்மாஸ்டர் முன்னால் வைத்தார். அஞ்சலையைப் பற்றி நீங்கள் பார்த்ததை எழுதுங்கள் என்றார்.

பெற்றோர் பயப்படுகிறார்கள் என்றார் ஹெட்மாஸ்டர். அவர்கள் பயப்படுவது நீங்கள் கேட்டது, பார்த்தது என்ன? தெருவே சொல்கிறது என்றார். அதுவும் கேட்டது.

"அலோர் சார், நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. எத்தனை வருஷமா ஆக்கறாங்க? ஏழு. ஒரு வேளைக்கு எத்தனை பிள்ளைங்க? சாப்புட்டு யாருக்காச்சும் வயித்துவலி வந்து நீங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீங்களா? இல்ல. அவங்க ஆக்கின சோத்த நீங்க தெனமும் ருசி பாத்தீங்களா? பாத்தீங்க. இவ்வளவுதான் எழுதணும். மேல ஒரு வார்த்தை வேணாம்."

ஹெட்மாஸ்டர் எழுதினார். எழுத எழுதக் காது சிவந்தது, நான் பார்த்தேன். தன் கையெழுத்தில் ஐந்து வரி எழுதி முடித்தபின் அதைத் தானே படித்தார். அதைப் படித்த பிறகு வரவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வார்? திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார்.

இத்தோடு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடந்ததைச் சொல்லவேண்டுமே. அக்கா திங்கட்கிழமை போனாள். பாத்திரம் கழுவலாம், காய் நறுக்கலாம் என்றார்கள். கரண்டியை மட்டும் அவள் கையில் கொடுக்கவில்லை. எப்போது கொடுப்பீர்கள் என்று நான் போய்க் கேட்டேன், கொஞ்ச நாள் போகட்டும் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் அவள் ஓய்வு பெறும்வரை போனது. மேலதிகாரி தன் காகிதத்தைத் திருத்தவேயில்லை, அந்த "இருக்கலாம்" இன்றைக்கும் ஏதோ கோப்புக்குள் உட்கார்ந்திருக்கும். மாட்டுக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. எந்த ஆபீசிலும் அவருக்கு நாற்காலி குறையவில்லை.

டாக்டரம்மாவுக்கு மெமோ வந்தது, அனுமதியின்றிக் குழியைத் தோண்டியதாக. பதிலில் குழியின் நீளம், அகலம், ஆழம் எழுதினார், உள்ளே பார்த்ததை எழுதினார், வருத்தம் என்று ஒன்றும் எழுதவில்லை. மாதம் திரும்புமுன் ஏனாமுக்கு மாற்றல்; எங்கள் புதுச்சேரி அரசாங்கத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் தூரத்தில் தெலுங்கு நாட்டுக்குள் கிடக்கிற ஊர். இங்கே யாரையாவது தண்டிக்கவேண்டுமென்றால் அப்படித்தான், ஒரு ராத்திரி ரயிலும் தெலுங்கும். அவருடைய ரகசியக் குறிப்பேட்டில் சேர்க்க மேலதிகாரி எழுதியதை என்னிடம்தான் டைப்புக்குக் கொடுத்தார்கள்: "ஒத்துழைக்கும் மனப்பான்மை இல்லாதவராக இருக்கலாம்." மேலதிகாரி அறைக்கே போய், என்ன பார்த்தீர்கள் சார், அதை எழுதிக் கொடுங்கள், அடித்துத் தருகிறேன் என்றேன். முறைத்தார். அன்றைக்கே என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அதை வேறு யாரோ அடித்தார்கள்.

கிளம்புகிற அன்று, ரயில் பிடிக்க வெளியூர்ப் பஸ் ஏறுமுன், பஸ் நிலையத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குப் பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். "நீ பார்த்ததத்தானே சொன்னே" என்றார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. பிரான்சுக்கு அண்ணனிடமே போய்விட்டார் என்று சொல்கிறார்கள். கேட்டதுதான், பார்த்ததல்ல.

எங்கள் தெருவில் கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிட்டது. அக்காவிடம் சர்க்கரை வாங்குகிறார்கள், கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். ஆனால் அஞ்சலையக்கா வாசலில் அந்தக் கழனிப் பானை கவிழ்ந்து கிடக்கிறது. செத்த பசுவின் கன்று வளர்ந்து, அதுவும் தாய் வந்த நேரத்துக்கு வந்து அங்கே நிற்கும். அக்கா அரிசி களைந்த தண்ணீரை அதன் கண் முன்னால் சாக்கடையில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒருநாள்கூட அதை விரட்டியதில்லை, ஒருநாள்கூட ஊற்றியதுமில்லை.

தெரு உயிரோடுதான் இருக்கிறது, அந்த ஓரிடம் மட்டும் செத்துவிட்டது. இடம், அவள் வாசல். அளவு, ஒரு பானை. நான் அடுத்த வீட்டுக்காரி. அந்தப் பானையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு முகம் ஜிவ்வென்று சிவந்துவிடுகிறது. இன்னுமா கோபம், எத்தனை வருடம் ஆயிற்று என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், இன்னும்தான் என்கிறேன்.